ரோட்டைத் தோண்டும்போது ஒரு பைப்பையும் சேர்த்துப் போடுங்கள்: கோவை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர் அவர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், 100 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் நான் இலவச வைஃபை கேட்கவில்லை. மாநகராட்சியே இணைய இணைப்பு விற்கட்டும் என்றும் கேட்கவில்லை; அது வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். நான் கேட்பது பைப். கேபிள்காரர்கள் பி.எல்.பி. பைப் என்று சொல்கிற 40 மில்லிமீட்டர் குழாய். எந்தக் காரணத்துக்காக எந்தத் தெருவைத் தோண்டினாலும், குழியை மூடுவதற்கு முன் அதில் இரண்டு காலிக் குழாய்களைப் போடுங்கள். அவை மாநகராட்சியின் சொத்து என்று பதிவேட்டில் ஏற்றுங்கள். கேட்கிற எல்லா இணைய நிறுவனத்துக்கும் ஒரே வாடகைக்கு விடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான்.

நான் தொலைபேசித் துறையின் கேபிள் பிரிவில் இருந்தவன். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் இருந்து விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்த 78 ஆயிரம் சொச்சம் பேரில் ஒருவன். தாமிரக் கேபிள் காலத்தில் ரோடு கட்டிங் அனுமதிக்காக உங்கள் அலுவலகப் படிகளை நிறைய ஏறி இறங்கியிருக்கிறேன். குழாய், குழி, மேன்ஹோல் என்று பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையச் சந்தையில்தான் போட்டி இருக்கிறதே, மாநகராட்சிக்கு அதில் என்ன வேலை என்று முதலில் கேட்பீர்கள். விளம்பரப் பலகைகளில் போட்டி இருக்கிறது, உண்மைதான். மொபைலையும் சேர்த்து நாட்டின் மொத்த பிராட்பேண்ட் இணைப்புகளைக் கணக்கெடுத்தால், ஏறக்குறைய பாதி ஒரு நிறுவனத்திடமும், சுமார் 30 சதவீதம் அடுத்த நிறுவனத்திடமும் இருக்கிறது. மற்ற அத்தனை பேரும் மீதியில் அடக்கம். இதன் விளைவை 2024இல் பார்த்தோம். ஜூன் 27 அன்று ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டமும் ஏர்டெல்லின் 265 ரூபாய்த் திட்டமும் ஜூலை 3 முதல் 299 ரூபாய் ஆகின. இவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குக் களத்தில் ஆள் குறைந்துவிட்டது. விலை ஏற்றாத பி.எஸ்.என்.எல். பக்கம் அந்த ஜூலையில் மட்டும் கிட்டத்தட்ட 29 லட்சம் இணைப்புகள் கூடின. அங்கே சிக்னல் எப்படி என்பது தனிக்கதை. போவதற்கு இன்னொரு வாசல் இருந்தால் மக்கள் போகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அது மொபைல் கதை. வீட்டுக்கும் பட்டறைக்கும் வருகிற ஃபைபர், அதாவது ஒளியிழைக் கேபிள் விஷயத்தில், கோவை முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் நிறுவனங்களின் பட்டியல் நீளமாகவே இருக்கும். ஒரு தெருவில் போய் நின்று கேட்டுப் பாருங்கள், அது இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்றுதான். கட்டுமான நிறுவனமோ சங்கமோ ஒருவரோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். வேறு யாரும் உள்ளே வயர் இழுக்க முடியாது. தனி வீடுகள் இருக்கும் பகுதிகளில் 1990களில் கேபிள் டிவி கொடுத்த அதே ஆபரேட்டர்தான் இன்று ஃபைபரும் கொடுக்கிறார். அவர் எந்தக் கம்பெனியின் ஏஜென்சி எடுத்திருக்கிறாரோ அதுதான் அந்தத் தெருவின் இணையம். கம்பெனி மாறினால் பில்லின் மேல் இருக்கும் பெயர் மாறும். கம்பத்தில் தொங்கும் வயர் அதேதான்.

ஏன் இப்படி? ஃபைபர் விலை அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபைபர் மலிவு. ரோட்டைத் தோண்டுவதும், தோண்டியதை மூடுவதும், அதற்கு அனுமதி வாங்குவதும்தான் செலவு. நிலத்தடி வேலையில் பணத்தின் பெரும்பகுதி மண்ணில்தான் போகிறது. எங்கள் காலத்து விதிப்படி 1.65 மீட்டர் ஆழம். பாறை குறுக்கிட்டால் அன்றைய கணக்கே மாறிவிடும். பெரிய மூலதனம் உள்ளவர் தோண்டுவார். சின்னவர் ஈ.பி. கம்பத்திலும் மரத்திலும் தொங்கவிடுவார். தொங்குகிற வயரை லாரி இழுக்கும், கிளை விழுந்து அறுக்கும். ஈ.பி.க்காரர்கள் ஒரு நாள் வெட்டுவார்கள். நீங்கள் ‘அனுமதியற்ற கேபிள் அகற்றம்’ என்று இன்னொரு நாள் வெட்டுவீர்கள். வெட்டுவது தவறு என்று சொல்லமாட்டேன், சில தெருக்களில் அந்த வயர்க் கொத்து தலையில் இடிக்கிறது. ஆனால் வெட்டியதும் நடப்பது என்ன? மூன்று நாள் இணைப்பு இல்லாத வாடிக்கையாளர் பூமிக்கடியில் வயர் வைத்திருப்பவரிடம் போகிறார். போட்டி யார் நல்ல சேவை தருகிறார் என்பதில் முடிவாவதில்லை, யாரால் தோண்ட முடிந்தது என்பதில் முடிந்துவிடுகிறது. தோண்டுகிற அனுமதி உங்கள் கையில் இருக்கிறது. மாநகராட்சிக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு என் பதில் அதுதான்.

‘இப்போதுதான் ஏர்ஃபைபர் வந்துவிட்டதே, வயரே வேண்டாமே’ என்று சிலர் சொல்வார்கள். மாடியில் ஒரு பெட்டி வைத்தால் போதும் என்பது சரி. அந்தப் பெட்டி பேசுகிற டவருக்கு ஃபைபர் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.

உலகத்தில் நகர நிர்வாகங்கள் இந்தச் சிக்கலுக்கு என்ன செய்தன என்று பார்த்தால், எல்லோரும் முதலில் காட்டுவது அமெரிக்காவின் சட்டனூகாவை. டென்னசி மாநிலத்து ஊர் அது. அங்கே 1935 முதல் ஊருக்குச் சொந்தமான மின்வாரியம் இருக்கிறது, இ.பி.பி. என்று பெயர். மின்தடையைத் தானாகக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் அமைப்புக்காக ஊர் முழுக்க ஃபைபர் இழுத்தார்கள். மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. அதே ஃபைபரில் இணையமும் விற்றார்கள். வேலை முடிவதற்கு முன்பே, 2008இல், பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் வழக்குப் போட்டது, நிற்கவில்லை. 2010இல் பகுதி முழுவதற்கும் விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் தந்தார்கள். நாட்டிலேயே அப்படித் தந்த முதல் நிறுவனம் அந்தச் சின்ன ஊரின் மின்வாரியம். 2020இல் கொரோனா வந்தபோது ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணைப்பு கொடுக்க அவர்களிடம் கம்பி தயாராக இருந்தது. பத்தாண்டுகளில் ஊருக்குக் கிடைத்த பலன் 269 கோடி டாலர் என்று அங்குள்ள பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் கணக்கிட்டார்.

இதன் மறுபக்கமும் தெரிய வேண்டும். இ.பி.பி. தன் மின் விநியோக எல்லைக்கு வெளியே இணையம் கொடுக்கக்கூடாது என்று டென்னசியின் மாநிலச் சட்டம் தடுக்கிறது. எல்லைக்கு அடுத்த கிராமத்தார் கேட்டும் கொடுக்க முடியவில்லை. 2015இல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடை செல்லாது என்றது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டத்தை மீற ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று தடையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஊர் தனக்குத் தானே கம்பி போட்டுக்கொள்வதைத் தடுக்கப் பெரிய நிறுவனங்கள் மாநிலத் தலைநகரம் வரை போகும் என்பதற்கு இது சாட்சி. நாளை உங்களிடமும் வருவார்கள்.

சட்டனூகாவைப் படித்துவிட்டு ‘நாமும் செய்வோம்’ என்று யாராவது மன்றத்தில் எழுந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த ஊரிடம் கம்பம் இருந்தது, மாதாமாதம் பில் வசூலிக்கும் ஆட்கள் இருந்தார்கள், தெருத்தெருவாகப் பழுது பார்க்கும் லைன்மேன்கள் இருந்தார்கள். உங்களிடம் இவை இல்லை. கம்பம் மாநில மின்வாரியத்துடையது. அனுபவமில்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு யூட்டா மாநிலத்து புரோவோ நகரம் இருக்கிறது. சுமார் 4 கோடி டாலர் கடன் வாங்கி ஊர் முழுக்க ஃபைபர் போட்டு, நடத்த முடியாமல் திணறி, 2013இல் அதை கூகுளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். எழுத்துப்பிழை இல்லை, ஒரு டாலர்தான். கடனை ஊர் மக்கள்தான் தொடர்ந்து கட்டினார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? அரசு கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் தொடங்கி, இடையில் படுத்து, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று மீண்டும் எழுந்தது. ஒரு தனியார் குழுமத்தின் பிடியில் இருந்த சந்தையை அந்த 70 ரூபாய் உலுக்கியது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் செட்டாப் பாக்ஸ் காலம் வந்ததும் தடுமாற்றம். 2022 நவம்பரில் ஒப்பந்த நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் லட்சக்கணக்கான வீடுகளில் டிவி நின்றுபோனது. சில்லறை வியாபாரத்தில் இறங்குகிற அரசுக்கு விலையைக் குறைப்பது சுலபம், பத்து வருடம் கழித்து மென்பொருளைப் புதுப்பிப்பது கஷ்டம்.

பக்கத்து கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. மாநில மின்வாரியக் கம்பங்களின் வழியே ஃபைபர் போகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், அது நல்ல யோசனை. ஆனால் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று அறிவித்துவிட்டு, தொகுதிக்கு 100 வீடு என்று 14 ஆயிரத்தில்தான் ஆரம்பிக்க முடிந்தது. நம் மாநிலத்தில் டான்ஃபிநெட் என்ற தமிழக அரசு நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகிற பாரத்நெட் வேலையைச் செய்கிறது. அதன் டெண்டர் நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று 2020இல் மத்திய அரசு ரத்து செய்யச் சொல்லி, மறுபடி டெண்டர் விட்டு, ஆண்டுகள் ஓடின. அதுவும் ஊராட்சிகளுக்கானது. உக்கடத்துக்கும் கணபதிக்கும் ஆவாரம்பாளையத்துக்கும் பொதுவில் யாரும் எதுவும் போடவில்லை. நகரத்தைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

நமக்குப் பொருந்துவது ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோம் என்பது என் எண்ணம். 1994இல் அந்த நகராட்சி ஸ்டோகாப் என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. அதன் வேலை ஊருக்கடியில் குழாயும் ஃபைபரும் போட்டு வாடகைக்கு விடுவது. அவ்வளவோடு சரி. ஒரு வீட்டுக்கும் அது இணைப்பு விற்பதில்லை. டார்க் ஃபைபர், அதாவது ஒளி ஏற்றாத வெறும் இழை. அதை வாடகைக்கு எடுப்பவர் இரண்டு முனையிலும் தன் சொந்தக் கருவியை வைத்து ஒளி ஏற்றி, தன் வாடிக்கையாளருக்கு விற்றுக்கொள்ளலாம். பெரிய கம்பெனிக்கும் சின்னக் கம்பெனிக்கும் ஒரே விலைப்பட்டியல். நம் மாநகராட்சியும் மார்க்கெட் கட்டி கடைகளை வாடகைக்கு விடுகிறது, தக்காளி விற்பதில்லை, அந்த மாதிரிதான். நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அந்த இழைகளை எடுத்திருக்கின்றன. பல ஆண்டுகளாக அது லாபத்தில் ஓடுகிறது. உலகத்தில் முதன்முதலாக 4ஜி சேவை 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் வந்தது. டவருக்கு டவர் ஃபைபர் ஏற்கெனவே தரைக்கடியில் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சிங்கப்பூரும் சற்றேறக்குறைய இந்த வழியில்தான் போனது. குழாயும் இழையும் ஒரு நிறுவனத்திடம், வீட்டுக்கு விற்பது பலரிடம் என்று சட்டமாகவே பிரித்துவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் உங்கள் உறவுக்காரப் பிள்ளைகளிடம், இணைய நிறுவனத்தை மாற்ற எத்தனை பேரைக் கெஞ்ச வேண்டியிருந்தது என்று ஒரு தடவை கேளுங்கள்.

இனி நம்ம ஊர். கடந்த பத்தாண்டில் கோவையைத் தோண்டிய அளவுக்கு வேறு எந்த ஊரையும் தோண்டியிருப்பார்களா தெரியாது. 2018இல் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காக சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம், 3,000 கோடி ரூபாய்க்கு மேல். பழைய 60 வார்டுகளின் தெருக்களில் புதுக் குழாய். 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 100 வார்டு ஆனபோது, சேர்ந்த பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை வேலை வந்தது. கேஸ் பைப் வந்தது. மின்சாரப் புதைவடம் வந்தது. ரேஸ் கோர்ஸில் மாதிரிச் சாலை, ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் மாதிரிச் சாலை. இத்தனை குழிகளில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு காலி டக்ட், அதாவது நான் சொல்லும் கேபிள் குழாய், சேர்த்துப் போடப்பட்டது? கணக்கு இருந்தால் வெளியிடுங்கள், நான் இந்த மடலைப் பாதியாகச் சுருக்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தன் வார்டில் இன்னும் தோண்ட வேண்டிய தெருக்கள் எவை என்று எழுதிப் பார்க்கட்டும். வேறு காரணத்துக்காகத் தோண்டிய குழியில் குழாயைச் சேர்த்துப் போட ஆகும் செலவு, அதற்கென்றே தனியாகத் தோண்டுவதில் ஒரு சிறு பங்குதான்.

சட்டம் இடம் கொடுக்குமா என்பீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பொது டக்ட், பொதுக் கேபிள் பாதை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே பேசுகிறது. அப்படிப் போடப்பட்டவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேபிள் போட இடம் கொடுப்பது பற்றிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அந்த விதிகளின்படி ரோடு கட்டிங்குக்கு நிர்வாகச் செலவும் சாலையைச் சரிசெய்யும் செலவும் தாண்டிப் பெரிதாக எதையும் கேட்க உங்களுக்கு வழி குறைவு. ஒவ்வொரு கம்பெனியும் தோண்டும். உங்களுக்கு மிஞ்சுவது ஒட்டுப்போட்ட ரோடு. ஆனால் குழாய் உங்களுடையது என்றால் ஆண்டாண்டுக்கும் வாடகை உங்களுடையது.

நடத்த ஒரு நிறுவனம் வேண்டும். ஃபைபரும் டக்ட்டும் வாடகைக்கு விட மத்திய தொலைத்தொடர்புத் துறையில் ஐ.பி.-1 என்ற பதிவு போதும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு நிறுவனம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காக உருவாக்கிய கோயம்புத்தூர் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி இயக்கம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. குளக்கரையில் நடைபாதை போட்டுமுடித்த அந்த நிறுவனத்துக்கு இனி ஒரு வேலை வேண்டும்தானே?

கேபிள் ஆபரேட்டர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘எல்லாம் பூமிக்கடியில்’ என்று அறிவித்ததுமே அவர்கள் வயிற்றில் புளி கரையும், நியாயம்தான். வாடகையைக் கிலோமீட்டர் கணக்கில், வருடத்துக்கு மொத்தமாக முன்பணம் என்று வைத்தால் பெரிய கம்பெனிகள் மட்டுமே எடுக்கும். நீங்கள் போட்ட குழாயே சின்னவர்களை ஒழிக்கும் கருவியாகிவிடும். ஆகவே மீட்டர் கணக்கில், மாத வாடகையில், ஒரு தெருவுக்கு மட்டும் கூட எடுக்க முடிய வேண்டும். ஒரு குழாய்க்குள் நாலைந்து சிறு குழாய்களை நுழைக்கலாம். ஒரு பகுதி ஆபரேட்டர்கள் நான்கு பேர் சங்கமாகச் சேர்ந்து அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். எந்த நிறுவனமும் எந்தத் தெருவிலும் இருக்கிற இடம் முழுவதையும் எடுக்கக்கூடாது. இதற்குப் பிறகு கம்பத்தில் தொங்குவதை வெட்டுங்கள், அப்போது நானும் கைதட்டுகிறேன்.

இன்னொன்று. ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் வந்து, ‘நாங்களே உங்கள் செலவில்லாமல் டக்ட் போடுகிறோம், பூங்காக்களில் வைஃபை தருகிறோம், 20 வருடத்துக்குத் தனியுரிமை மட்டும் கொடுங்கள்’ என்று அழகான பவர்பாயின்ட் காட்டும். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும், எந்தத் தெருவில் எத்தனை குழாய், அதில் எத்தனை காலி என்ற வரைபடமும் மாநகராட்சி இணையதளத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பாதையிலும் ஒரு பங்கை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒதுக்கிவையுங்கள். இன்று அவற்றில் எத்தனை இடங்களில் தலைமையாசிரியரின் சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை ஓடுகிறது என்று உங்கள் கல்வி அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் டிராயிங்கை ஃபைலாக வாங்கி, ஜாபை முடித்து, பில்லை ஆன்லைனில் போடும் காலம் இது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததால்தான் இந்த ஊரில் மில்லும் மோட்டாரும் பெருகின. அந்தக் கம்பி இன்ன மில்லுக்கு மட்டும்தான் என்று அன்று யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

நான் கேட்கும் தீர்மானம் ஒரு பக்கத்தில் அடங்கும். அடுத்த மாமன்றக் கூட்டத்துக்குப் பிறகு கொடுக்கும் எந்த ரோடு கட்டிங் அனுமதியிலும், குடிநீரோ சாக்கடையோ கேஸோ, இரண்டு காலிக் குழாய் என்ற நிபந்தனையைச் சேருங்கள். இணைக்கப்பட்ட பகுதிகளில் எங்கெல்லாம் பாதாளச் சாக்கடை வேலை மீதி இருக்கிறதோ அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தக் குழிகளை மூடிவிட்டால் அடுத்த இருபது வருடத்துக்கு யாரும் தோண்ட விடமாட்டார்கள்.

எந்த ரோட்டில் பழைய டெலிபோன் டக்ட் எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் பொறியாளர்களுக்குச் சந்தேகம் வந்தால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் செட்டில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். மேப்பில் இல்லாத மேன்ஹோல்கள் சிலவற்றையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தொலைபேசிக் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன்,
கணபதி, கோவை.